கேஸ் மாத்திரை: தொடர்வதா, நிறுத்துவதா? எங்கள் அனுபவங்கள்

அம்மாவின் முழங்கால் வலிக்கு மாத்திரை எழுதியபோது, வயிறு புண்ணாகாமல் இருக்க, அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரையும் சேர்த்து எழுதினார்கள். வலி மாத்திரை நின்று வருடங்கள் ஆகிவிட்டன. கேஸ் மாத்திரை மட்டும் தொடர்ந்துகொண்டே இருந்தது. புதிதாகப் பார்த்த டாக்டர்தான், "இதை எதுக்கும்மா சாப்பிடுறீங்க?" என்று முதன்முதலாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு. மாத்திரை மட்டுமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் உணவிலிருந்து பி12 பிரிந்து வர வயிற்று அமிலம் வேண்டும், வருடக்கணக்கில் அதை அடக்கி வைத்தால் குறைய வாய்ப்புண்டு என்றார். சிலருக்கு மெக்னீசியமும் குறையுமாம்.

சட்டென்று நிறுத்தச் சொல்லவில்லை. 40 மி.கி.யை 20 ஆக்கினார், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். முழுதாக நிறுத்திய புதிதில் நெஞ்செரிச்சல் முன்பைவிட அதிகமாக வந்து அம்மா பயந்துவிட்டார். அடங்கியிருந்த அமிலம் கொஞ்ச காலம் கூடுதலாகச் சுரக்கும், நோய் திரும்பிவிட்டதாக நினைக்கக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால்தான் தாக்குப்பிடித்தோம். இடையில் அவர் சொன்னபடி, சுரந்த அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் சிரப் கை கொடுத்தது. இப்போது மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறார்.

---

அம்மா நலமானதில் சந்தோஷம். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. என் மாமனாருக்கு ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்திருக்கிறது. ரத்தம் கட்டியாகாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார், முன்பு வயிற்றில் ரத்தக்கசிவும் வந்திருக்கிறது. அவருக்கு கேஸ் மாத்திரைதான் பாதுகாப்பு. குளோபிடோக்ரெலின் வேலையை ஒமிபிரசோல் என்ற இன்னொரு கேஸ் மாத்திரை குறைக்கும் என்பதால் பான்டோபிரசோலுக்கு மாற்றினார்களே தவிர, நிறுத்தவில்லை. மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விழுங்கச் சிரமப்படுவது, காரணமில்லாமல் எடை குறைவது போன்றவற்றையும் மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

---

எனக்கு எதுக்களிப்புத் தொந்தரவு. கேஸ் மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிடச் சொன்னார்கள். நாம் சாப்பிடும்போதுதான் வயிற்றில் அமிலச் சுரப்பு வேகமெடுக்கும், அதற்குள் மருந்து ரத்தத்தில் கலந்திருக்க வேண்டுமாம். உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். நான் தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். அதற்கும் ஆன்டாசிட்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி விடுகிறேன்.