வார்டு சிங்க் துளையில் கிருமி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் ஒரு சின்ன மருத்துவமனையில் ஐசியூ நர்ஸாக இருக்கிறேன். எங்கள் நோயாளிகள் இரண்டு பேருக்கு அடுத்தடுத்து சூடோமோனாஸ் என்ற கிருமியால் தொற்று வந்தது. சிங்க் துளையில் எடுத்த ஸ்வாபிலும் அதே கிருமி.

பிளீச் ஊற்றினோம். நாலு நாள் சரியாக இருந்தது, அப்புறம் பழையபடிதான். துளைத் தட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்சுவரில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு கிருமிப் படலம். பிரஷ் போட்டுத் தேய்த்தும் முழுசாக வரவில்லை. பிளீச் அதன் அடிவரை இறங்குவதில்லை. கீழே தண்ணீர் தேங்கும் வளைகுழாயிலிருந்து அந்தப் படலம் நாளுக்குச் சுமார் 2.5 செ.மீ. மேலே ஏறும் என்று 2017-ல் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஈ.கோலை கிருமியை வைத்துக் காட்டினார்கள். துளை வரை வந்துவிட்டால், குழாயைத் திறந்ததும் கிருமி தண்ணீரோடு தெறிக்கும். கனடாவின் டொரண்டோவில் ஒரு மருத்துவமனையில் 2004 கடைசியிலிருந்து 2006 வரை 36 பேருக்குத் தொற்றியது இப்படித்தான். தெறிப்பு ஒரு மீட்டர் வரை போனது. எங்கள் மருந்து கலக்கும் மேசையோ சிங்கிலிருந்து இரண்டு முழத்தில் இருந்தது!

மேசையை நகர்த்திவிட்டோம். மீந்த டீ, குளுக்கோஸ், பால் எதையும் அதில் ஊற்றவேண்டாம் என்று எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்லியிருக்கிறேன். கிருமிக்கு அதுதான் சாப்பாடு.

வளைகுழாயைப் புதிதாக மாற்றியவர்கள் இருந்தால், எத்தனை நாள் தாங்கியது? அசிட்டிக் ஆசிட் (வினிகரில் இருக்கும் அமிலம்) ஊற்றிப் பார்த்தவர்கள், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை? கிருமியைக் கொல்லக் கரண்டில் சூடேற்றும் வளைகுழாய் இங்கே கரண்ட் போகிற போக்கில் சரிப்படாது. தண்ணீர் நேராகத் துளைமேல் விழாத சிங்க் யாங்கோனில் எங்கே கிடைக்கும்?

ஒரு பாட்டி இன்னும் வென்டிலேட்டரில்தான் இருக்கிறார். தெரிந்ததை இன்றைக்கே எழுதுங்கள்.