கொடைப் பாட்டுக்கு சாம்பிள் டிரம்ஸ்: ஸ்னேர் ரோல் செயற்கையா கேக்குது

பாளையங்கோட்டை வாசகர்:
அண்ணாச்சிமாரே, அம்மன் கொடைக்கு ஒரு பாட்டு. நையாண்டி மேளத்தை லைவா பதிஞ்சாச்சு. அடியில ரீப்பர்ங்கற பதிவு மென்பொருள்ல சாம்பிள் டிரம்ஸ் (முன்னமே பதிஞ்சு வச்ச டிரம் ஒலிகள்), 6/8 தாளம். ஸ்னேர் டிரம்ல ரோல் (விடாம வேகமா அடிக்கறது) வந்தா தையல் மெஷின் மாதிரி தடதடங்குது. மனுசன் வாசிச்ச மாதிரி ஆக்குற ஹியூமனைஸ் வசதியைப் போட்டா தாளமே ஆடுது. என்ன செய்ய?

தென்காசி:
ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப ஒலிக்கறதுதான் காரணம். ஒவ்வொரு வெலாசிட்டி (அடியோட பலம், 127 வரை) அடுக்குக்கும் நாலு தனித்தனி அடியாவது ரவுண்ட் ராபின்ல, அதாவது மாறி மாறி ஒலிக்கற மாதிரி, வேணும். ரோல்ல வலது கை 100, இடது கை 85ன்னு மாத்தி மாத்தி வைங்க, முடிவுல மட்டும் 115 வரை ஏத்துங்க. எல்லாத்தையும் 127ல வச்சா எந்த சாம்பிளும் உயிரோட கேக்காது.

ஹியூமனைஸ் நோட்டுகளைக் கண்டபடி முன்னும் பின்னும் தள்ளும். டிரம்மர் அப்படித் தடுமாற மாட்டார். கிக்கை (காலால அடிக்கற பெரிய டிரம்) அசைக்காம, ஸ்னேரை மட்டும் 5 முதல் 10 மில்லிசெகண்ட் பின்னால இழுங்க. கிராஷ் சிம்பல் விழுற இடத்துல ஹை-ஹேட்டை (ஜோடி சிம்பல்) அழிச்சிருங்க, அவருக்கு ரெண்டு கைதானே. மிடி நோட் எண்ல மூடின ஹேட் 42, திறந்த ஹேட் 46, ரெண்டும் ஒரே சோக் குரூப்ல (ஒண்ணு ஒலிச்சா மத்தது அடங்கற அமைப்பு) இருக்கணும்.

சங்கரன்கோவில்:
அதுக்கு முன்னாடி டெம்போவைப் பாருங்க. மேளம் போகப் போக வேகம் ஏறும், வேகம் மாறாத கிரிட்ல (மென்பொருளோட தாளக் கட்டம்) டிரம்ஸ் வச்சா ஒட்டவே ஒட்டாது. தவில் டிராக்கைப் பெருசாக்கி, ரெண்டு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருக்கா முதல் அடியில டெம்போ மார்க்கர் (வேகக் குறி) போடுங்க.

பாளையங்கோட்டை வாசகர்:
சரி அண்ணாச்சி. கிக்கும் தவிலும் சேந்தா அடி குழம்புதே?

சங்கரன்கோவில்:
தவிலோட தொப்பிப் பக்கம் (கனத்த சத்தம் வர்ற பக்கம்) கிக்கோட மோதுது. கிக்குக்கு 60 ஹெர்ட்ஸ் பக்கம் இடம் விட்டு, தவிலை 90க்குக் கீழ வெட்டுங்க. மறுபக்கமான வலந்தலைச் சத்தத்துல கை வைக்காதீங்க, மேளத்தோட முகமே அதுதான்.