நியூரோஃபைப்ரோமாவில் டெலோமரேஸ் அணைந்திருக்கிறது, அப்புறம் எப்படி வளர்கிறது?

செமினார்_பயம்:
கட்டி செல் என்றாலே சாகாத செல், டெலோமரேஸ் என்சைமை (செல் பிரியும்போதெல்லாம் தேயும் டெலோமியர் என்ற குரோமோசோம் முனையை நீட்டுவது) எழுப்பிவிட்டுத்தான் பெருகும் என்று வகுப்பில் சொன்னார்கள். சரி என்று நியூரோஃபைப்ரோமா பற்றிப் படிக்கப் போனால் (என்எஃப்1 ஜீன் கெட்டு நரம்போடு ஒட்டி வருமே, அந்தச் சாதுவான கட்டி) அதில் டெலோமரேஸ் பெரும்பாலும் அணைந்தே கிடக்கிறதாம். பிறகு வருடக்கணக்கில் எப்படி வளர்கிறது? போதாததற்கு ஸ்லைடில் மாஸ்ட் செல், மேக்ரோஃபேஜ் எல்லாம் கூட்டமாக நிற்கின்றன. இத்தனை எதிர்ப்பு செல்கள் இருந்தும் கட்டி ஏன் கரையவில்லை?

ஷ்வான்_ரசிகன்:
சாகாத செல் என்பது புற்றுநோயின் கதை, எல்லாக் கட்டிக்கும் அது பொருந்தாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண மனித செல்லே வளர்ப்புத் தட்டில் 40 முதல் 60 தடவை இரட்டித்துவிட்டுத்தான் நிற்கும், ஹேஃப்ளிக் என்ற ஆய்வாளர் 1961லேயே காட்டிவிட்டார். ஒரு செல் 30 தடவை இரட்டித்தாலே 100 கோடியைத் தாண்டும், அது ஏறக்குறைய ஒரு கிராம் திசு. அதனால் டெலோமியர் தேய்ந்துகொண்டே இருந்தாலும் கையில் இருக்கும் இருப்பை வைத்தே கட்டி கணிசமாக வளர்ந்துவிடும். அதிலும் இந்தக் கட்டியில் ஜீன் கெட்ட ஷ்வான் செல் (நரம்புக்கு உறை போடும் செல்) ஒரு பங்குதான், மீதி ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார் உண்டாக்கும் செல், ரத்தக்குழாய், ஏகப்பட்ட கொலாஜன் நார்.

ஊதா_துகள்:
எதிர்ப்பு செல் வந்தாலே சண்டைக்குத்தான் வந்தது என்று ஏன் நினைக்கிறீர்கள்? டொலுடின் புளூ சாயம் போட்டுப் பாருங்கள், சுற்றிலும் நீலமாக இருக்க மாஸ்ட் செல்லின் துகள்கள் மட்டும் ஊதாவாகத் தெரியும். அந்த செல்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதே கட்டிதான். என்எஃப்1 ஜீனின் இரண்டு பிரதியையும் இழந்த ஷ்வான் செல், மாஸ்ட் செல்லின் மேல் இருக்கும் கிட் ஏற்பியைத் தூண்டும் புரதத்தைச் சுரக்கிறது, மாஸ்ட் செல் அதைத் தேடி வருகிறது, வந்ததும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தை விட்டு ஃபைப்ரோபிளாஸ்ட்டைக் கிளப்பிக் கொலாஜன் போட வைக்கிறது. இதை எலி மாதிரிகளில் பார்த்திருக்கிறார்கள்.

செமினார்_பயம்:
புரிகிறது. அப்போ இது புற்றுநோயாக மாறும்போது?

ஷ்வான்_ரசிகன்:
என்எஃப்1 உள்ளவர்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நரம்பு உறையின் புற்றுக்கட்டி வரலாம். வழியில் முக்கியமான படி, செல் பிரிவதை நிறுத்தும் சிடிகேஎன்2ஏ ஜீன் என்ற பிரேக் கழன்றுபோவது. பிரேக் இல்லாததால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் செல் பிரிந்துகொண்டே போகும், டெலோமியர் தீரும், குரோமோசோம் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்து ரகளையாகும். அதில் தப்பிக்கிறவை டெலோமரேஸை எழுப்பியிருக்கும், இல்லையென்றால் இன்னொரு டெலோமியரைப் பார்த்துப் பிரதி எடுத்து நீட்டிக்கொள்ளும் ஏஎல்டி வழியில் போயிருக்கும். பல புற்றுக்கட்டிகளில் ஜீன்களை அடக்கி வைக்கும் பிஆர்சி2 புரதக் கூட்டமும் போய்விடுகிறது, அப்படிப்பட்டவற்றில் எதிர்ப்பு செல்கள் குறைவு. நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர், பாருங்கள்.

ஊதா_துகள்:
செமினாரில் யாராவது "சாதுவான கட்டியிலும் டெலோமரேஸ் லேசாகத் தெரிந்ததே" என்று மடக்கினால் ஒன்றைக் கேளுங்கள்: கட்டியை அப்படியே அரைத்தா சோதித்தார்கள்? தூண்டப்பட்ட லிம்போசைட்டுகளில் (அவையும் எதிர்ப்பு செல்கள்தான்) டெலோமரேஸ் இயல்பாகவே வேலை செய்யும். மொத்தமாக அரைத்து டெலோமரேஸ் வேலையை அளக்கும் டிராப் சோதனை செய்தால், வந்த சிக்னல் ஷ்வான் செல்லுடையதா விருந்தாளியுடையதா என்று பிரிக்க முடியாது. நானே ஒரு தடவை ஏமாந்து, ஒரு வாரம் குஷியாகத் திரிந்தேன்.

செமினார்_பயம்:
இதை அப்படியே கடைசி ஸ்லைடில் போட்டுவிடுகிறேன், அந்தக் குஷி வாரத்தை மட்டும் விட்டுவிட்டு.