நியூஜெர்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: துப்பாக்கி வைத்திருப்பவர்களின் கோபத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்

நியூஜெர்சிக்குக் குடிவந்து சில மாதங்களே ஆன நம்மவர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்வதற்கு மாநில அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தால் அது நல்லதுதானே, அதற்காக அலுவலகத்திலும் தெருவிலும் ஏன் இத்தனை பேர் கொதிக்கிறார்கள் என்கிறார்கள். போலீஸ்காரரிடமும் வங்கிக் காவலாளியிடமும் தவிர வேறெங்கும் துப்பாக்கியைப் பார்த்திராத நமக்கு இந்த வியப்பு இயல்பானது. எனக்கும் இருந்தது.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டு வெளியே செல்ல இந்த மாநிலத்தில் தனி பெர்மிட் வேண்டும். உயிருக்குக் குறிப்பிட்ட ஆபத்து இருப்பதை நிரூபித்தால்தான் அது கிடைக்கும் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்ததால், சாதாரணக் குடிமகனுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் இதே போன்ற விதி ஒன்றை 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், இங்கேயும் அந்த நிபந்தனை விழுந்தது. அதற்கு மறுமொழியாக மாநிலச் சட்டமன்றம் புதிய மசோதாவைக் கொண்டுவர, அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி அந்த ஆண்டு டிசம்பர் 22 அன்று அதில் கையெழுத்திட்டார். நூலகம், பூங்கா, மருத்துவமனை, மது பரிமாறும் உணவகம், சூதாட்ட விடுதி எனத் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாத இடங்களின் பட்டியல் அதில் நீண்டது. பெர்மிட் கட்டணம் 200 டாலரானது. நான்கு பேரின் நற்சான்றும் 3,00,000 டாலர் காப்பீடும் கேட்கப்பட்டன. உரிமையாளர் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய எந்தத் தனியார் இடத்துக்குள்ளும் துப்பாக்கியுடன் நுழையக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

அந்த மசோதா விவாதத்தில் இருந்த நாட்களில், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியனான என் பக்கத்து வீட்டுக்காரர் அதன் பக்கங்களை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் எங்கள் ஊர் வரைபடத்துக்குப் பக்கத்தில் பரப்பி வைத்திருந்தார். தடை விழப்போகும் இடங்களை மஞ்சள் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டே வந்தவர், மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் வழியில் விரலை வைத்து, ஒரே காலைப்பொழுதில் எத்தனை முறை துப்பாக்கியைக் கழற்றிக் காரில் பூட்டிவிட்டு மறுபடி மாட்ட வேண்டியிருக்கும் என்று எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். இடுப்பில் இருக்கும்வரை அது தன் பொறுப்பில் இருக்கிறது, காரில் விட்டால் கண்ணாடியை உடைத்து எவனாவது எடுத்துப் போவான் என்பதே அவருடைய வாதம். அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் அவருடைய கோபம் எனக்குப் புரியத் தொடங்கியது.

அந்தக் கோபத்துக்கு அடியில் இருப்பது அச்சம். ஒரு தெருவைத் தவறாகக் கணித்தால், இதுநாள்வரை நேர்மையாக வாழ்ந்தவன் குற்றவாளியாகிவிடுவான் என்று துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அஞ்சுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் சான்று ஷனீன் ஆலன் என்ற இளம் தாயின் வழக்கு. பென்சில்வேனியாவில் முறையாகப் பெற்ற பெர்மிட் இங்கேயும் செல்லும் என்று நம்பிய அவர், 2013இல் இங்கே காரை நிறுத்திய போலீஸ் அதிகாரியிடம், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். கைது செய்யப்பட்டுச் சிறைத் தண்டனையின் விளிம்புவரை சென்றார். 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு அளித்த பிறகே அவர் மீண்டார். அதே ஆண்டு இந்த மாநிலத்தின் பெர்லின் டவுன்ஷிப்பில், முன்னாள் காதலனுக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருந்த கேரல் பௌன், துப்பாக்கி வாங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்து, 30 நாட்களில் வந்திருக்க வேண்டிய பதிலுக்குக் காத்திருந்த நிலையில், தன் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார். இந்த இரண்டு பெண்களின் பெயர்களும் இங்கே துப்பாக்கி வைத்திருப்போரின் பேச்சில் அடிக்கடி வரும். அவற்றை விவாதத்துக்கான உத்தி என்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் மனதார வருந்தியே சொல்கிறார்கள்.

எல்லோரும் ஒரே குரலில் பேசுவதும் இல்லை. மான் வேட்டைக்கு மட்டும் துப்பாக்கி வைத்திருக்கும் என் சக ஊழியர் ஒருவருக்கு இந்தச் சட்டம் பொருட்டே இல்லை. கட்டாயப் பயிற்சியை வரவேற்பவர்களும், கட்டணத்தைப் பார்த்து இது பணக்காரர்களுக்கு மட்டுமான உரிமையா என்று கேட்பவர்களும் உண்டு. பள்ளியிலும் மருத்துவமனையிலும் துப்பாக்கி கூடாது என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. ஆனால் காப்பீட்டு நிபந்தனை பற்றிய அவர்களது முறையீடு நியாயமானது என்றே கருதுகிறேன். 2023 மே மாதம் கேம்டன் நகரின் கூட்டாட்சி நீதிபதி ரெனே பம்ப் அந்த நிபந்தனை உட்படப் பல பிரிவுகளை நிறுத்திவைத்தார்; அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் தடைசெய்யப்பட்ட இடங்கள் பலவற்றை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே செவிவழிச் செய்தியை நம்பி யாருக்கும் சட்டம் சொல்லாதீர்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டென்றாலும், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள். வார இறுதியில் நண்பர்கள் அன்போடு ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே வாடகைத் துப்பாக்கியைச் சில நிமிடங்கள் கையில் பிடிப்பதையும் ‘வைத்திருத்தல்’ என்று சட்டம் கொள்ளக்கூடும். அதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவது நீங்களே சாட்சியம் எழுதிக் கொடுப்பதற்குச் சமம். “என் விசாவுக்கு இது அனுமதி இல்லை” என்று சொல்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் சட்டப்படி வாங்கலாம், ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தலுக்கு அதுவே போதுமான காரணமாகிவிடும்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களோடு பேசும்போது “எங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாது” என்று தொடங்காதீர்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள். பிள்ளைகளை விளையாட அனுப்பும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எப்படிப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும் தயங்க வேண்டாம். என் மகள் பக்கத்து வீட்டுக்காரரின் பேத்தியோடு விளையாடப் போகத் தொடங்கியபோது நான் கூச்சத்தோடுதான் அதைக் கேட்டேன். அவர் என்னை உள்ளே அழைத்துச் சென்று, அலமாரிக்குள் சுவரோடு திருகி வைத்த இரும்புப் பெட்டியைக் காட்டினார். தோட்டாக்கள் வேறொரு அறையில், வேறொரு பூட்டுக்குள் இருந்தன.