38 டார்பிடோவுக்கு யார் கணக்குச் சொல்வது? ஸ்டார் ட்ரெக் விவாதம்

பழைய மாலுமி:
பக்கத்துத் திரியில் விண்மீன்வாசி எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 1966இல் தொடங்கிய நாளிலிருந்து, தான் வகுத்த விதியைத் தானே மதிக்கும் ஒரே விண்வெளித் தொடர் ஸ்டார் ட்ரெக்தானாம். அதன் பெரிய பலமே அந்தக் கட்டுக்கோப்புதானாம். அதற்கு உதாரணமாக அவர் காட்டுவது ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த வாயேஜர் தொடரை. வாயேஜரை!

முதல் சீசனில் 'தி கிளவுட்' என்று ஓர் எபிசோட். வாயேஜர் என்ற அந்த விண்கப்பலில் 38 ஃபோட்டான் டார்பிடோ, அதாவது எதிரி மேல் ஏவும் குண்டு, இருப்பதாகப் பாதுகாப்பு அதிகாரி டூவோக் கணக்குச் சொல்கிறார். தீர்ந்துவிட்டால் வேறு கிடைக்க வழியில்லை என்கிறார் கேப்டன் ஜேன்வே. பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்ட கப்பல், முழு வேகத்தில் வந்தாலும் 75 வருடப் பயணம், கையில் 38 டார்பிடோ. இதைவிட நல்ல கரு ஒரு தொடருக்குக் கிடைக்குமா? ஆனால் என்ன செய்தார்கள்? ஏழு சீசன், 172 எபிசோட், இஷ்டத்துக்குச் சுட்டுத் தள்ளினார்கள். 38 எப்போதோ தாண்டியாயிற்று. புதிது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது.

விதியை மதிக்கும் தொடர் என்று சொல்பவர்கள் முதலில் இந்த 38க்குப் பதில் சொல்லட்டும்.

விண்மீன்வாசி:
எனக்காகத் தனித் திரியே தொடங்கியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் நான் எழுதியதில் பாதியைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் சொன்னது அந்த உலகத்தின் கட்டுக்கோப்பு. உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தால் வாழும் வல்கன் இனத்தார் எப்படி யோசிப்பார்கள், பல கிரகங்களின் கூட்டமைப்பான ஃபெடரேஷன் எதற்காக நிற்கிறது, பிற நாகரிகங்களில் தலையிடக் கூடாது என்ற பிரைம் டைரெக்டிவ் ஒரு கேப்டனை எப்படியெல்லாம் நெருக்குகிறது, இவையெல்லாம் அறுபதுகளில் போட்ட அஸ்திவாரம். இன்றும் அதன் மேல்தான் புதுத் தொடர்கள் எழும்புகின்றன. இத்தனை தலைமுறை எழுத்தாளர்கள் கை மாறியும் வல்கன் வல்கனாகவே இருப்பது சின்ன விஷயமா?

டார்பிடோவுக்கு வருகிறேன். ஐந்தாம் சீசனில் டெல்டா ஃப்ளையர் என்று ஒரு முழு விண்கலத்தையே கப்பலுக்குள் கட்டினார்களே, பார்த்தீர்களா? கலம் கட்டத் தெரிந்தவர்களுக்கு டார்பிடோ செய்யத் தெரியாதா? இதையும் வசனம் வைத்து ஊட்ட வேண்டுமா?

பழைய மாலுமி:
ஆமாம், ஊட்டத்தான் வேண்டும். வழியில்லை என்று சொன்னது நான் இல்லை, கப்பலின் கேப்டன். அவரே போட்ட பூட்டு. திறந்தால் சாவி எங்கே கிடைத்தது என்று காட்ட வேண்டாமா?

டெல்டா ஃப்ளையரை நீங்களே இழுத்தது நல்லதாயிற்று. அது 'யூனிமேட்ரிக்ஸ் ஜீரோ'வில், பிடித்தவர்களையெல்லாம் பாதி இயந்திரமாக்கிச் சேர்த்துக்கொள்ளும் போர்க் (Borg) இனத்தின் கியூப் கப்பலிடம் சிக்கி நொறுங்கியது. ஏழாம் சீசன் தொடங்கிச் சில எபிசோடுக்குள் இன்னொரு டெல்டா ஃப்ளையர் பளபளவென்று வந்து நிற்கிறது. இரண்டாவதைக் கட்ட எவ்வளவு உலோகம் ஆனது, எந்தக் கிரகத்தில் தோண்டினார்கள், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள்? ஒன்றும் இல்லை. நீங்கள் காட்டிய சாட்சி என் பக்கம் பேசுகிறது.

38. பதில் இன்னும் வரவில்லை.

ஒன்பதாம் நிலையம்:
இதனால்தான் பல காலமாகச் சொல்கிறேன், விண்வெளி நிலையத்தில் நடக்கும் டீப் ஸ்பேஸ் நைன் தொடரைப் பாருங்கள் என்று. கப்பல் என்றால் வாராவாரம் அடுத்த கிரகத்துக்குப் போய்விடும், செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிலையம் நகராது. நிலையத்தின் தளபதி சிஸ்கோ செய்த ஒவ்வொன்றும் அடுத்த வாரம் அவர் வாசலிலேயே வந்து நிற்கும். 'இன் தி பேல் மூன்லைட்' எபிசோடில் ராமுலன் என்ற வேற்றினத்தாரைப் பொய்யால் ஃபெடரேஷனின் போருக்குள் இழுக்கிறார். அந்தப் பொய்யால்தான் போரின் போக்கே திரும்புகிறது. ஸ்டார் ட்ரெக்கின் உச்சம் அது. வாயேஜரில் அப்படி ஓர் எபிசோட் காட்டுங்கள்.

விண்மீன்வாசி:
எந்தத் திரியைத் திறந்தாலும் டீப் ஸ்பேஸ் நைன் விளம்பரம். கூட்டணியைப் பொய்யால் உருவாக்குவதும், கொலையை மூடி மறைப்பதும்தான் உச்சம் என்றால், போர்த் தொடர்கள் எவ்வளவோ இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி கண்ட எதிர்காலம் வேறு. மனிதர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதைத் தாண்டி வந்துவிட்ட காலம் அது. அவர் 1991இல் இறந்தார், டீப் ஸ்பேஸ் நைன் 1993இல் வந்தது. அவர் இருந்திருந்தால் அந்தப் போர்க் கதையை ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார் என்பது என் கருத்து.

ஒன்பதாம் நிலையம்:
இல்லாதவர் பெயரைச் சொல்லி வாதாடுவது சுலபம். ராடன்பெரி முழுப் பொறுப்பில் இருந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் முதல் சீசனை உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். பாத்திரங்களுக்குள் மோதலே கூடாது என்று கட்டிப் போட்டால் நாடகம் எங்கிருந்து வரும்? அந்தத் தொடர் மூன்றாம் சீசனில்தான் மூச்சு விடத் தொடங்கியது.

பழைய மாலுமி:
நீங்கள் இருவரும் ராடன்பெரிக்காக அடித்துக்கொண்டு 38ஐ மறக்க வைக்கப் பார்க்காதீர்கள். ஆனால் நெக்ஸ்ட் ஜெனரேஷன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

1990இல் அந்தத் தொடரின் கேப்டன் பிக்கார்டைப் போர்க் இனத்தார் பிடித்துப்போய்த் தங்களில் ஒருவராக மாற்றுகிறார்கள். மீட்டுவிட்டார்கள். வேறு தொடராக இருந்தால் அடுத்த வாரம் அவர் சிரித்துக்கொண்டு கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இவர்கள் 'ஃபேமிலி' என்று ஒரு முழு எபிசோடை எடுத்தார்கள். பிக்கார்ட் பிரான்சில் அண்ணன் வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போய், சேற்றில் விழுந்து அழுகிறார். எதிரி இல்லை, சண்டை இல்லை, டார்பிடோ இல்லை. ஒரு மனிதனுக்கு நேர்ந்தது அவனுக்குள் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான் கதை. ஸ்டார் ட்ரெக்கின் பலம் என்ன என்று கேட்டால் நான் அதைக் காட்டுவேன்.

அதை எழுதியவர் ரொனால்ட் டி. மூர். பிறகு டீப் ஸ்பேஸ் நைனில் எழுதினார். அது முடிந்ததும் 1999இல் வாயேஜருக்குப் போனார். கொஞ்ச நாளிலேயே வெளியேறினார். இத்தனை அடி வாங்கிய கப்பல் எப்போதும் புதிது போலவே இருக்கிறதே என்பது அவருடைய குறைகளில் ஒன்று. அதையெல்லாம் மனதில் வைத்துத்தான் பின்னால் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற விண்வெளித் தொடரைப் புதிதாக எடுத்தார். உள்ளே போய் வந்தவருக்கே பொறுக்கவில்லை. நான் கேட்டால் மட்டும் குற்றமா?

ரெட் அலர்ட்:
ஒரு டார்பிடோ எண்ணிக்கைக்கு இவ்வளவு கூச்சலா? ஸ்டார் ட்ரெக்கில் எந்த விதிதான் நின்றது? ஆட்களை நொடியில் இடம் மாற்றும் டிரான்ஸ்போர்ட்டர் ஏன் வந்தது? வாராவாரம் கப்பல் தரையிறங்குவதைப் படமாக்கப் பணம் இல்லை, அதனால் வந்தது. பிறகுதான் அதற்கு அறிவியல் பூசினார்கள்.

நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கடைசி சீசனில் 'ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்' பார்த்திருப்பீர்கள். ஒளியை மிஞ்சும் வார்ப் வேகமே விண்வெளியைக் கிழிக்கிறது, இனி அவசரம் தவிர யாரும் வார்ப் 5ஐத் தாண்டக் கூடாது என்று ஃபெடரேஷன் உத்தரவு போட்டது. அதற்கப்புறம் ஓரிரு எபிசோடில் பேச்சுக்கு அனுமதி வாங்கினார்கள். பிறகு அந்த உத்தரவையே காணோம். ஒரு நாகரிகத்தின் போக்குவரத்தையே மாற்ற வேண்டிய விஷயம் அது. அதை விட்டுவிட்டு 38ஐப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

பழைய மாலுமி:
நீங்கள் எனக்கு எதிராகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எனக்கே ஆதாரம் கொடுக்கிறீர்கள். வார்ப் 5 மறந்தது, 38 மறந்தது, இரண்டும் ஒரே நோய். வேற்றுமை ஒன்றுதான். வார்ப் 5 ஓர் எபிசோடின் கதை, போனால் போகட்டும். 38 என்பது முழுத் தொடரின் கரு. தனியாக மாட்டிக்கொண்ட கப்பல் என்று சொல்லி விற்றுவிட்டு, தனிமைக்கான விலையை ஒருநாளும் கொடுக்கவில்லை.

நிலவொளி:
இத்தனை பேர் பேசுகிறீர்கள், ஒருவராவது அந்தக் கப்பலில் இருந்த மனிதர்களைப் பற்றிப் பேசினீர்களா? செவன் ஆஃப் நைன் குழந்தையிலேயே போர்க்கிடம் பறிபோனவள். நான்காம் சீசனில் வந்து, 'நான்' என்று சொல்லக் கற்றுக்கொள்வதற்கே எவ்வளவு போராடுகிறாள். கப்பலின் டாக்டர் ஒளியால் ஆன உருவம், ஒரு ஹோலோகிராம், மருத்துவர் இல்லாத நேரத்துக்காக எழுதப்பட்ட நிரல். எழுநூறு வருடம் கழித்து 'லிவிங் விட்னஸ்' எபிசோடில் அவருடைய நகல்தான் கப்பலுக்காகச் சாட்சி சொல்கிறது. 'லேட்டன்ட் இமேஜ்' பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் சாகக் கிடக்கிறார்கள், ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். டாக்டர் தனக்கு நெருக்கமான ஹாரி கிம்மைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தக் குற்றவுணர்வு அவருடைய நிரலையே உடைக்கிறது. விளைவே இல்லாத தொடர் என்று சொல்கிறீர்களே, இது விளைவு இல்லையா? நான் வாயேஜரை விரும்புவது இவர்களுக்காக. டார்பிடோவை எண்ணிக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

பழைய மாலுமி:
'லேட்டன்ட் இமேஜ்' எனக்கும் பிடிக்கும், அதனால்தான் கோபம் அதிகம். அதில் செத்துப்போகும் ஜெட்டல் என்ற பெண் அதிகாரியை அதற்கு முன்னால் எந்த எபிசோடிலாவது பார்த்தீர்களா? பின்னால் யாராவது அவள் பெயரைச் சொன்னார்களா? சுமார் 150 பேர் கொண்ட கப்பல். ஊரிலிருந்து ஆள் வர முடியாது. ஒரு சாவு என்பது எல்லோரையும் உலுக்க வேண்டும். டார்பிடோவைப் போலவே மனிதர்களையும் செலவழித்தார்கள், அடுத்த வாரம் மறந்தார்கள்.

வாயேஜரில் சேர்ந்துகொண்ட மாக்கி என்ற கலகக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெடரேஷனின் விண்கப்பற்படையான ஸ்டார்ஃப்ளீட்டை எதிர்த்துப் போராடியவர்கள், வேறு வழியில்லாமல் அதே சீருடையைப் போட்டுக்கொள்கிறார்கள். முதல் சீசன் முடிவதற்குள் எல்லோரும் நல்ல பிள்ளைகள். கலகம் எப்போது வந்தது தெரியுமா? மூன்றாம் சீசனில், 'வர்ஸ்ட் கேஸ் சினாரியோ'வில், ஹோலோடெக் என்ற கற்பனைக் காட்சி அறையில் ஒரு விளையாட்டாக! நிஜமாக எழுதத் துணிவில்லாததை விளையாட்டாக எழுதினார்கள்.

'இயர் ஆஃப் ஹெல்' இரண்டு பாகம், 1997. கப்பல் அணு அணுவாகச் சிதைகிறது, டூவோக்குக்குப் பார்வை போகிறது. வாயேஜர் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் காலம் திரும்பி எல்லாம் அழிந்து, பழைய பளபளப்பு. டூவோக் நன்றாகப் பார்க்கிறார்.

விண்மீன்வாசி:
நீங்கள் கேட்பது வேறொரு தொடர். அதை மூர் எடுத்துவிட்டார், போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு கேள்வி, நாற்பத்தைந்து நிமிடத்தில் அதை முழுசாக ஆராய்வது, இதுதான் ஸ்டார் ட்ரெக்கின் வடிவம். பின்னால் வந்த டிஸ்கவரி தொடரில் சீசன் முழுக்க ஒரே கதை என்று நீட்டினார்கள். ஒவ்வொரு சீசனிலும் பேராபத்து, மூச்சுவிட நேரமில்லை. அப்புறம் 2022இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் பழைய வடிவத்துக்குத் திரும்பியபோது எத்தனை பேர் நிம்மதியானார்கள்! வாயேஜரின் 'தி வாய்ட்' பாருங்கள். எரிபொருள் இல்லை, உணவு இல்லை, சுற்றிலும் கொள்ளைக் கப்பல்கள். ஜேன்வே கொள்ளையடிக்க மறுத்துக் கூட்டணி கட்டுகிறார். பற்றாக்குறையைப் பற்றி இதைவிட நல்ல ஸ்டார் ட்ரெக் கதை இல்லை.

'தி ஒமேகா டைரெக்டிவ்' எபிசோடில் டூவோக்கும் ஹாரியும் டார்பிடோவைப் பிரித்து வேலை செய்கிறார்கள். அந்தத் திறமை கப்பலில் இருந்தது என்பதற்கு அதுவே போதும்.

பழைய மாலுமி:
அது மாற்றி அமைப்பது. இருக்கிற டார்பிடோவைத் திறந்து சக்தியைக் கூட்டினார்கள். புதிதாகச் செய்யவில்லை. மாற்றினாலும் எண்ணிக்கையில் ஒன்று ஒன்றுதான்.

'தி வாய்ட்' ஏழாம் சீசன். பற்றாக்குறை என்ற நினைப்பு வர ஏழாம் சீசன் ஆகியிருக்கிறது, அதுவும் ஒரு வாரத்துக்கு மட்டும். 38 சொன்னது முதல் சீசனில்.

ரெட் அலர்ட்:
பழைய மாலுமி இப்போது விளைவு, பொறுப்பு என்றெல்லாம் பேசுகிறார். டூவிக்ஸ் திரியில் என்ன சொன்னீர்கள்? டூவோக்கும் கப்பலின் சமையல்காரர் நீலிக்ஸும் ஒன்றாகி வந்த டூவிக்ஸ் என்ற அந்த உயிர் சாக மாட்டேன் என்று கெஞ்சுகிறது. ஜேன்வே பிரித்தது சரி, கேப்டனுக்கு வேறு வழியில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியது நீங்கள்தான். கொலைக்குக் கணக்கு வேண்டாம், டார்பிடோவுக்கு மட்டும் வேண்டுமா?

பழைய மாலுமி:
டூவோக்கும் நீலிக்ஸும் உயிருள்ள மனிதர்கள். அவர்களை மீட்டது கொலை இல்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அந்தத் திரியில் பதில் சொல்லாமல் நடுவிலேயே போனது நீங்கள்.

ரெட் அலர்ட்:
நான் போகவில்லை, உங்கள் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பொறுமை இல்லாமல் நிறுத்தினேன். 2023இல் லோயர் டெக்ஸ் என்ற ஸ்டார் ட்ரெக் கார்ட்டூன் தொடர் ஒரு முழு எபிசோடே எடுத்து அந்த டூவிக்ஸ் விவகாரத்தைக் கிளறியது. தொடர் மறக்கவில்லை பாருங்கள்.

ஒன்பதாம் நிலையம்:
லோயர் டெக்ஸ் கேலிச் சித்திரம். அதைச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள்.

ரெட் அலர்ட்:
இதைச் சொல்பவர் அதில் ஓர் எபிசோட்கூடப் பார்க்கவில்லை என்று பந்தயம் கட்டுகிறேன். பழைய தொடர்களை அதன் எழுத்தாளர்கள் அளவுக்கு உயிராக நேசித்தவர்கள் குறைவு. உங்கள் டீப் ஸ்பேஸ் நைனுக்கே அதில் ஒரு முழு எபிசோட் வைத்துப் பெருமை சேர்த்திருக்கிறார்கள்.

நிலவொளி:
டூவிக்ஸ் சாகும்போது கப்பலில் ஒருவர்கூட எழுந்து தடுக்கவில்லை. டாக்டர் மட்டும் கைவைக்க மாட்டேன் என்றார், ஜேன்வேயே செய்தார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு மீட்பு என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

பழைய மாலுமி:
டூவிக்ஸுக்குத் தனித் திரி இருக்கிறது, அங்கே வாருங்கள், வரிக்கு வரி பதில் தருகிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். 38 டார்பிடோ, மாற்று கிடையாது என்று கேப்டன் சொன்னார். முப்பத்தொன்பதாவது டார்பிடோ எங்கிருந்து வந்தது?

விண்மீன்வாசி:
செய்தார்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பழைய மாலுமி:
எந்த எபிசோடில்?