புதுப்பிப்பு: கைப்பேசியில் இட்ட கருத்துகள் கணினியில் தெரியாத சிக்கல் தீர்ந்தது

மலேசியாவின் பினாங்கு உணவுக் கடைகளைப் பற்றி எழுதும் என் பிளாக்கர் (கூகுளின் இலவச வலைப்பூச் சேவை) வலைப்பூவில், கைப்பேசியிலிருந்து ஃபேஸ்புக் கருத்துப்பெட்டியில் இடப்படும் கருத்துகள் கணினியில் தெரியவில்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

குக்கீகளை (உலாவி சேமித்துவைக்கும் சிறு தரவுகளை) அழித்ததில் பயனில்லை. "முகவரியை உற்றுப் பாருங்கள்" என்ற நண்பரின் சொல்தான் பலித்தது. கைப்பேசியில் திறந்தால் பதிவின் முகவரி வாலில் ‘?எம்=1’ ஒட்டிக்கொள்கிறது. கருத்துப்பெட்டி ஒவ்வொரு முகவரியையும் தனிப் பக்கமாக எண்ணியதால், ஒரே பதிவுக்கு இரண்டு பெட்டிகள். வலைப்பூவின் தோற்றத்தை அமைக்கும் இலவச வார்ப்புருவின் நிரலில் பெட்டிக்குரிய முகவரி ‘டேட்டா:பிளாக்.யூஆர்எல்’ என்றிருந்தது. அதை, ‘?எம்=1’ ஒட்டாத மூல முகவரியைத் தரும் ‘டேட்டா:பிளாக்.கெனானிக்கல்யூஆர்எல்’ என்று மாற்றியதும் இரண்டும் ஒன்றாயின.

எதிர்பாராதது ஒன்று: கைப்பேசிப் பெட்டியிலிருந்த பழைய கருத்துகள் பார்வையிலிருந்து மறைந்துவிட்டன. அழியவில்லை, பழைய முகவரியோடு கட்டுண்டு கிடக்கின்றன. நாசி கண்டார் (சோற்றில் பல குழம்புகளை ஊற்றித் தரும் பினாங்கு உணவு) பற்றிய பதிவில் பட்டர்வொர்த் வாசகர் ஒருவர், "குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும் என்று எழுதாமல் விட்டீர்களே!" என்று சண்டைக்கே வந்திருந்தார். என் பதிவைவிட அதுதான் சுவை. அப்படிப்பட்டவற்றை அவரவர் அனுமதியோடு பதிவின் அடியில் சேர்த்துவருகிறேன்.

மாற்றும்போது கவனம்: ‘கெனானிக்கல்’ என்பதை அடுத்து வரும் ‘யூ’ மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.