க்ரீன் டீ கசக்கிறது, வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டுகிறது: எங்கே தப்பு?

சுக்குக்காப்பி:
டீ பேக் இல்லை, உதிரி இலை. சாதாரண டீ மாதிரி பாத்திரத்தில் போட்டு இரண்டு கொதி விட்டு இறக்கினால் வேப்பிலைக் கஷாயம் தோற்றுவிடும். காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டல் வேறு. பால் சேர்க்கலாமா? எடை குறையும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் ஒருவர் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். அவரும் குடிக்கலாமா?

குன்னூர்க்குளிர்:
கொதிக்க விடுவதுதான் தப்பு. க்ரீன் டீயும் நாம் பாலூற்றிக் குடிக்கும் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்ததும் ஆவியிலோ சூடான வாணலியிலோ வாட்டி, இலை கறுக்காமல் நிறுத்திவிட்டால் க்ரீன் டீ. அதனால் கேட்டகின் என்கிற துவர்ப்புப் பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. அதற்காகத்தான் இதைக் குடிக்கிறோம், நாக்கைச் சுருட்டுவதும் அதுவேதான். தண்ணீர் சூடு ஏற ஏற கேட்டகினும் காஃபீனும் வேகமாக இறங்கும். உமாமி என்கிற இதமான சுவையைத் தருகிற தியானின் குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும். ஆக, கொதிக்கவிட்டால் கசப்பு மட்டும்தான் கூடும்.

200 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை. சுருண்ட இலை என்றால் தட்டையாக ஒரு டீஸ்பூன், விரிந்த இலை என்றால் இரண்டு. தண்ணீர் 75 முதல் 80 டிகிரி. தெர்மாமீட்டர் வேண்டாம்: கொதித்த தண்ணீர் மூன்று பங்கு, குடத்துத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 80-தான் வரும் (குடத்துத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்கட்டும்). அதை இலைமேல் ஊற்றி மூடி, 2 நிமிடம். மூன்றைத் தாண்டாதீர்கள். நேரமானதும் வடிகட்டி இலையைத் தனியே எடுத்துவிட வேண்டும். பலர் கோப்பைக்குள்ளேயே இலையை விட்டுவிட்டு, கடைசி வாய் கசக்கிறதே என்கிறார்கள்.

பால் வேண்டாம். பாலின் கேசீன் புரதம் கேட்டகினைப் பிடித்துக்கொள்ளும், ருசியும் சேராது. எலுமிச்சை நாலு சொட்டு விடலாம், ஆறிய பிறகு.

மாத்திரைடப்பா:
குமட்டலுக்குக் காரணமும் அதே கேட்டகின், காஃபீன்தான். வெறும் வயிற்றில் நேரே போய் எரிச்சலூட்டும். இட்லியோ இரண்டு பிஸ்கட்டோ உள்ளே போன பிறகு குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரத்தசோகை விஷயத்தில் கவனம் வேண்டும். கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்புச்சத்தைக் கேட்டகின் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாது. சோற்றோடு சேர்த்தோ சாப்பிட்ட கையோடோ குடிப்பதுதான் மோசம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். இரும்பு மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி. மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு விழுங்கினால் இன்னும் நல்லது. ஹீமோகுளோபின் ரொம்பக் குறைவு என்றால் அது ஏறும்வரை க்ரீன் டீயையே நிறுத்திவைப்பது என் யோசனை.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினம் ஐந்தாறு கோப்பைக்குத் தாவக் கூடாது, ரத்தம் உறையும் கணக்கு மாறலாம். நாடோலால் என்கிற ரத்த அழுத்த மாத்திரையை இது உடம்பில் சேரவிடாமல் வெகுவாகக் குறைக்கும். இரண்டுக்கும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிகளுக்கு எல்லா பானமும் சேர்த்து நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபீன்தான் வரம்பு. ஒரு கோப்பை க்ரீன் டீயில் சுமார் 30 இருக்கும்.

ஒருவாய்த்தேநீர்:
எடைக்குப் பதில்: நம்பி இருக்காதீர்கள். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பாய்வு, இதனால் குறையும் எடை மிகச் சிறியது, மருத்துவரீதியாகப் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று முடித்தது. பால், சர்க்கரை போட்ட டீக்குப் பதிலாக இதைக் குடித்தால் அந்தச் சர்க்கரை மிச்சம். மெலிவது அதனால்தான், இலையின் மாயத்தால் அல்ல.

இதயத்துக்குக் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. ஜப்பானின் மியாகி மாகாணத்தில் 40,530 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-இல் வெளியானது. நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம், ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய்ச் சாவு குறைவு. பெண்களிடம் கூடுதலாகவே குறைவு. புற்றுநோய்ச் சாவில் வித்தியாசம் இல்லை. அங்கே கோப்பை என்பது 100 மில்லிதான், நம்மூர் மக் இல்லை. குடித்ததால்தான் குறைந்தது என்று இந்த மாதிரி ஆய்வு நிரூபிக்கவும் நிரூபிக்காது.

ஆனால் 'க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்' கேப்ஸ்யூல் பக்கமே போகாதீர்கள். கேட்டகின்களில் முக்கியமான ஈஜிசிஜி, கேப்ஸ்யூல் வழியாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் ரத்தத்தில் ஈரல் என்ஸைம்கள் (ஈரல் பாதிப்பைக் காட்டும் அளவு) ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. கோப்பையில் குடிப்பவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 90 முதல் 300 மில்லிகிராம்தான் சேர்கிறது.

சுக்குக்காப்பி:
நன்றி. ஒரு தடவை ஊற்றிய இலையை மறுபடி பயன்படுத்தலாமா? பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

குன்னூர்க்குளிர்:
நல்ல முழு இலை என்றால் இன்னொரு தடவை தாராளமாக. தண்ணீர் கொஞ்சம் கூடுதல் சூடாக இருக்கட்டும், ஒரு நிமிடம் போதும். தூளாக இருந்தால் முதல் ஊற்றிலேயே சாரம் போய்விடும். ஈர இலையை மறுநாளுக்கு எடுத்துவைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம்: மீன், சாம்பார் வாசனையை இழுத்துக்கொள்ளும், வெளியே எடுக்கும்போதெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். வெளிச்சம் படாத எவர்சில்வர் டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி.